கிரகணத்துக்குப் போன பேட்டரி

முதல் தடவை ட்ரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போனபோது, இரண்டாம் நாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தவள் லேப் அக்காதான். உள்ளே விளக்கு எரியவில்லை. பால் திரிந்து கட்டி கட்டியாக நின்றது. வெண்ணெய் உருகித் தட்டோடு ஓடியிருந்தது. மாமியாரின் கண் மருந்துப் புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று கைச்சூட்டில் இருந்தது.

"போச்சு," என்றாள்.

பேட்டரி இரவோடு இரவாகப் படுத்துவிட்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் சுவிட்சை நாலு முறை போட்டு நாலு முறை அணைத்துப் பார்த்தார். அவருடைய தம்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"செத்துருச்சு அண்ணி. ரெண்டு பேட்டரியையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும். நான் அப்பவே சொன்னேன்."

அவன் எதையும் அப்பவே சொன்னவன். செல்போன் உறை விற்கும் சின்னக் கடைதான் வைத்திருந்தான். ஆனால் கப்பல் எப்படி மிதக்கிறது என்பதிலிருந்து பல்வலிக்கு என்ன மருந்து என்பது வரை கேட்காமலே சொல்வான். அதனால் வீட்டில் அவனுக்குப் பெயர் புரொபசர்.

லேப் அக்கா என்பது பள்ளிக்கூடம் வைத்த பெயர். பதினாறு வருஷமாக அவள் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தாள். அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவாள், கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைப்பாள், பிள்ளைகள் கொட்டியதைத் துடைப்பாள். பாடம் நடத்துவது ஆசிரியர்கள். எந்தப் புட்டி எங்கே இருக்கிறது, எது எதோடு சேர்ந்தால் புகையும் என்று தெரிந்தது அவளுக்கு. ஆனால் அதை யாரும் படிப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

ட்ரெய்லர் வீட்டுக்காரரின் ஆசை. வாரம் ஆறு நாள் ஊரார் பார்சலை வேனில் ஏற்றி இறக்குகிறவர் அவர். "ஏழாவது நாளாவது என் வீட்டை நானே ஓட்டிக்கிட்டுப் போறேனே," என்று சொல்லி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நில அளவையாளரிடம் அதை வாங்கியிருந்தார். கார் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற குட்டி வீடு அது. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ், மடித்து வைக்கிற சோலார் பேனல் ஒன்று, பேட்டரிக் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் ஒன்று. படுக்கைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இரண்டு பேட்டரிகள். பெட்டியை யாரும் திறந்து பார்த்ததில்லை.

அந்த முதல் பயணம் வெறும் ஒத்திகை. உண்மையான பயணம் நாலு மாதம் கழித்து. முழுச் சூரிய கிரகணம் ஒன்று வரப்போகிறது என்றும், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல்வெளியில் மூன்றரை நிமிஷத்துக்குச் சூரியன் முழுசாக மறையும் என்றும் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். மாமியார் அந்தத் தாளை வெட்டித் தையல் மெஷின் டிராயரில் வைத்திருந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதில் இதே மாதிரி ஒன்று வந்ததாம். அன்றைக்குப் பார்த்து அம்மை போட்டு, திரை இழுத்த அறையில் படுத்துக் கிடந்தாராம். வெளியே அண்ணன் தம்பிகளெல்லாம் கூச்சல் போட்டது மட்டும் காதில் விழுந்ததாம். நாற்பது வருஷம் துணி தைத்துத் தைத்துக் கண்ணில் புரை விழுந்து, அதையும் இப்போது எடுத்தாகிவிட்டது. தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை தினமும் விட வேண்டும், அது குளிரிலேயே இருக்க வேண்டும்.

பொட்டலில் கடை கிடையாது, கரண்ட் கிடையாது. நாலு நாள் தங்க வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடினால்தான் பயணம்.

"இந்தப் பேட்டரிய நம்பி அம்மாவைக் கூட்டிட்டுப் போக முடியாது," என்றார் வீட்டுக்காரர், வீடு திரும்பும் வழியில்.

மாமியார் பின் இருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். லேப் அக்காவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் படுக்கைப் பலகையைத் தூக்கி, அந்தப் பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் மூக்கில் ஏறிய வாடை அவளுக்குப் பழகிய வாடை. பேட்டரியின் முனைகளில் நீலமும் வெள்ளையுமாகத் தூள் பூத்திருந்தது. பதினாறு வருஷமாக ஜாடிகளில் அந்த நீலத்தைப் பார்த்து வருகிறவளுக்கு அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. 'அட, நீ இங்கேயா குடியிருக்கே,' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

கையுறை மாட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பேட்டரியின் மேலும் வரிசையாக இருந்த ஆறு மூடிகளையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. உள்ள தகடு தெரியுது பாருங்க. காஞ்சு கிடக்கு."

"தகடுன்னா தெரியத்தான செய்யும்?"

"தெரியக் கூடாது. தண்ணிக்குள்ள முழுகி இருக்கணும். வாங்கினதுலேர்ந்து பேட்டரி தண்ணி ஊத்தவே இல்லையா?"

அவர் தலையைச் சொறிந்தார். "பேட்டரிக்குத் தண்ணி வேற ஊத்தணுமா?"

லேப் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே உள்ளுக்குள் ஏதோ ஒன்று குறுகுறுத்தது. இது செத்த சாமான் இல்லை, தாகத்தில் கிடக்கிற சாமான். யாருக்கும் புரியாத பெட்டி அவளுக்குத் திறந்த புத்தகமாகத் தெரிந்தது. உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். அவற்றோடு அவள் எத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தாள். முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றி, அப்புறம் சிவப்பு. பேட்டரிகளைக் காற்றோட்டமான பின்பக்கத் தாழ்வாரத்தில் இறக்கி வைத்தாள். மூடிகளை மாட்டிவிட்டு, சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து முனைகளில் ஊற்றினாள். நுரை பொங்கிச் சீறியது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கத் தேய்க்க, தூளுக்கு அடியிலிருந்து ஈயம் பளிச்சென்று வெளியே வந்தது. பிறகு மூடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் கீழும் இருந்த அறையில் தகடு முழுகும் அளவுக்கு மட்டும் பேட்டரி தண்ணியை ஊற்றினாள். அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. சார்ஜ் ஏறினால் தண்ணி பொங்கும் என்று தெரியும். பிறகு குறைந்த வேகத்தில் சார்ஜரைப் போட்டுவிட்டாள். சார்ஜ் ஆகும்போது பேட்டரி வாயு விடும், ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே சிகரெட்டோடு எட்டிப் பார்த்த புரொபசரைத் தெருவரை துரத்தினாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குக் காலையில் காப்பி இரண்டாம் பட்சம். எழுந்ததும் ஹைட்ரோமீட்டரோடு தாழ்வாரத்துக்குப் போவாள். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் அது. அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை மேலே வரும். அமிலம் கனமாக இருந்தால் மிதவை உயரும், பேட்டரி தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் ஒன்று புள்ளி பதினைந்து. மறுநாள் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் இருபத்திரண்டு. ஜுரம் இறங்குவதைப் பார்க்கிற தாய் மாதிரி அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் மிதவை இருபத்தாறைத் தொட்டதும், ஈரக் கையுறையோடு சமையலறைக்கு ஓடினாள்.

"அத்தை, ஒண்ணு பொழைச்சிருச்சு."

மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். பார்த்தது பேட்டரியை இல்லை, மருமகளின் முகத்தை.

"இன்னொண்ணு?"

இன்னொன்று தேறவில்லை. ஐந்து அறை எழுந்துவிட்டது. ஆறாவது அறையில் மிதவை ஒன்று புள்ளி பத்தை விட்டு அசைய மறுத்தது. மூன்று நாள் கூடுதலாகப் பார்த்தாள். ஒரு அறை போனால் முழு பேட்டரியும் போன மாதிரிதான். அதைப் பழைய பேட்டரி எடுக்கிற கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சரி, அதுக்குப் பதிலா புதுசு ஒண்ணு வாங்கி ஜோடி சேத்துரலாமே," என்றான் புரொபசர்.

"புதுசையும் பழசையும் ஜோடி சேத்தா, பழசு புதுசையும் இழுத்துக் கீழ தள்ளிரும் தம்பி. ஒண்ணே போதும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

உண்மையாகவே போட்டிருந்தாள். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும், விளக்கு எவ்வளவு, நல்ல வெயிலில் பேனல் எவ்வளவு கொடுக்கும் என்று எல்லாவற்றையும் வீட்டு வாசலில் வைத்தே இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தாள். பாதிக்குக் கீழே பேட்டரியைக் காலி பண்ணக் கூடாது; பண்ணினால் மறுபடியும் படுத்துவிடும். வெயில் இருந்தால் வரவும் செலவும் சரியாக இருக்கும். ஒரு நாள் மேகம் போட்டாலும் தாங்கும். இரண்டு நாள் போட்டால் கஷ்டம். ட்ரெய்லர் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினாள்: ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதே. இருட்டினால் ஒரே ஒரு விளக்கு. போன் சார்ஜ் காரில் மட்டும், கார் ஓடும்போது மட்டும். இன்வெர்ட்டரைத் தொடாதே. கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். முனைகளில் கையாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி சிறகு வைத்த நட்டுகளைப் பொருத்தி, மேலே வாசலின் தடவினாள்.

கிளம்புகிற அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே மாமியார் தயாராகி, கழுத்தில் கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கும்மா," என்றார் மகன்.

"இருக்கட்டும்டா. நீ ஓட்டு."

பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே இருபது இருபத்தைந்து ட்ரெய்லர்கள் வந்து வட்டம் போட்டிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான காய்ந்த மண். ஒரு மரம் இல்லை. நடுவில் மட்டும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு கல்மேடு. லேப் அக்கா இறங்கியதும் முதலில் அண்ணாந்து பார்த்தாள். ஒரு துளி மேகம் இல்லை. பேனலை விரித்துச் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்தாள். மீட்டரில் ஏழு ஆம்பியர் ஓடியது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள் மேகம் போட்டது. காலையிலிருந்து மாலை வரை வானம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. ட்ரெய்லர்காரர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தார்கள். பேனல் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் தரவில்லை. சாயங்காலம் பன்னிரண்டு புள்ளி மூன்று வோல்ட். பரவாயில்லை, அவள் கணக்குக்குள்தான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் கிரகணம். விடியும்போது மாமியார் வெளியே போய்விட்டு உள்ளே தலையை நீட்டி, "ஏம்மா, சுத்தமா இருக்கு வானம். துடைச்சு விட்ட மாதிரி இருக்கு," என்றார். லேப் அக்கா துள்ளி எழுந்தாள். எழுந்த கையோடு மீட்டரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினொன்று புள்ளி ஒன்பது.

இது கணக்கில் இல்லை. ராத்திரியில் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடியிருந்தால் பன்னிரண்டு புள்ளி ஒன்றுக்குக் கீழே வந்திருக்கக் கூடாது. எங்கேயோ ஓட்டை. ஃபிரிட்ஜை நிறுத்தினாள், விளக்கு எல்லாம் அணைத்தாள். அப்படியும் மீட்டரில் ஆறு ஆம்பியர் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் பதறவில்லை. ஆய்வுக்கூடத்தில் வாயு கசிந்தால் குழாய் குழாயாக மூடிக்கொண்டு வருவது போல, ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். விளக்கு ஃப்யூஸ். ஆறுதான். தண்ணி மோட்டார். ஆறுதான். நாலாவதைப் பிடுங்கியதும் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது.

அந்த ஒயர் புரொபசர் படுத்திருந்த மூலைக்குப் போனது. அவன் தலையணையைத் தூக்கினாள். அடியில் இன்வெர்ட்டர் கதகதவென்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர்: ஒன்றில் பறக்கும் கேமராவின் பேட்டரிகள், இன்னொன்றில் பெட்டி அளவுக்கு ஒரு பாட்டு ஸ்பீக்கர்.

"தம்பி."

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"கதவுல ஒட்டியிருக்கே, அதுல கடைசி வரி என்ன?"

"இல்ல அண்ணி... சும்மா ஒரு மணி நேரம் போடலாம்னுதான். தூங்கிட்டேன்."

"நீங்க தூங்கிட்டீங்க. அது தூங்கல."

வீட்டுக்காரர் தம்பியைத் திட்ட வாயெடுத்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். திட்டுவதற்கெல்லாம் நேரம் இல்லை. வெளியே வெயில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. "திட்டுறதெல்லாம் வீட்டுல போய் வச்சுக்கலாம். தம்பி, நீங்க எழுந்து பேனலைப் பிடிங்க. சூரியன் நகர நகர, கால் மணிக்கு ஒரு தடவை நீங்களும் நகத்தணும். நிழல் ஒரு விரல் கூட விழக் கூடாது."

புரொபசர் மறுபேச்சுப் பேசாமல் பேனல் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சூரியகாந்திப் பூ மாதிரி கிழக்கு பார்த்தபடி இருந்தான். ஒன்பதே முக்காலுக்குப் பேட்டரி பன்னிரண்டு புள்ளி இரண்டுக்கு ஏறியிருந்தது. பத்தேகாலுக்கு நிலா சூரியனைத் தொட ஆரம்பிக்கும். பதினொன்றரைக்கு முழுசாக மறைக்கும். லேப் அக்கா பெருமூச்சு விட்டு, ஒரு காப்பியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் ஒரு ஒல்லியான மனிதர் கல்மேட்டுப் பக்கத்திலிருந்து வேகுவேகென்று நடந்து வந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"உங்ககிட்ட பேட்டரி ஏதாவது இருக்குமாங்க? கழட்டிக் குடுக்கிற மாதிரி?"

அவர் தபால் பிரிக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவராம். கிரகணம் பார்க்கிறது அவருக்குப் பைத்தியமாம். போன இரண்டு தடவையும், ஒன்றுக்குக் கப்பலேறி, ஒன்றுக்கு மலையேறிப் போயும், மேகம் மறைத்துவிட்டதாம். இந்தத் தடவை மேட்டு மேல் பெரிய டெலஸ்கோப்பை நிறுத்தியிருந்தார். சூரியன் நகர்வதற்கு ஏற்ப அதைத் திருப்புகிற மோட்டார் பேட்டரியில் ஓடுவது. கொண்டுவந்த வேன் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. காலையில் பார்த்தால் பேட்டரியில் உயிர் இல்லை.

"பதினெட்டு ட்ரெய்லர் கேட்டுட்டேன். இருக்கு, ஆனா எப்படிக் கழட்டுறதுன்னு யாருக்கும் தெரியல. சில பேர் தொடவே பயப்படுறாங்க."

லேப் அக்கா அவரோடு மேட்டுக்கு ஓடிப் போய் அவருடைய பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்பதரை வோல்ட். இதை இன்றைக்கு எழுப்ப முடியாது.

"உங்க மோட்டார் எவ்வளவு இழுக்கும்?"

"ரெண்டு ஆம்பியர்."

ரெண்டு மணி நேரத்துக்கு நாலு. அவளால் கொடுக்க முடியும். ஆனால் இங்கே கொடுத்தால் அங்கே ஃபிரிட்ஜ் நிற்கும். பேட்டரி ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. அதோடு, இன்னும் அரை மணியில் சூரியனே குறைய ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா மருந்து இருக்கே."

திரும்பினால், பின்னாலேயே மூச்சு வாங்க மேடேறி வந்திருந்த மாமியார் டெலஸ்கோப்பைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல பாத்தா என்ன தெரியும்?" என்று கேட்டார் ஒல்லி மனிதரிடம்.

"சூரியன் முழுசா மறைஞ்சதும், விளிம்புல சிவப்பா தீப் பிழம்பு எழும்பறது தெரியும்மா. ஒவ்வொண்ணும் நம்ம பூமியை விடப் பெருசு."

மாமியார் மருமகளைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

லேப் அக்காவுக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. பேட்டரியை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? பேனலையும் சேர்த்து மேட்டுக்குக் கொண்டுவந்தால், மோட்டார் குடிக்கக் குடிக்க வெயில் ஊற்றிக்கொண்டே இருக்கும். கிரகணம் முடிந்ததும் வெயில் திரும்ப வரும். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்தால் ரெண்டு மணி நேரம் குளிர் தாங்கும். மருந்துப் புட்டியை மட்டும் உறைந்த தண்ணி பாட்டிலோடு கம்பளியில் சுற்றிவிட்டால் போதும்.

"தூக்குங்க," என்றாள். "எல்லாத்தையும் இங்க தூக்குங்க."

கறுப்பைக் கழற்றினாள், சிவப்பைக் கழற்றினாள். சிறகு நட்டு கை திருகலிலேயே வந்தது. முப்பது கிலோ பேட்டரியை வீட்டுக்காரர் ஒரு பக்கமும் ஒல்லி மனிதர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, சாய்க்காமல், ஆடாமல், மணப்பெண்ணை அழைத்துப் போகிற மாதிரி நடத்திப் போனார்கள். பின்னால் புரொபசர் பேனலைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடினான். பார்த்துக்கொண்டிருந்த மற்ற ட்ரெய்லர்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னாலேயே வந்தார்கள். ஒருவர் பேனலுக்கு முட்டுக் கொடுக்கக் கல் கொண்டுவந்தார். ஒரு பெண் குடையைக் கொண்டுவந்து பேட்டரிக்கு நிழல் பிடித்தாள். சிவப்பு, பிறகு கறுப்பு. மோட்டார் 'ங்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டு, டெலஸ்கோப் மயிரிழை நகர்ந்தது. ஒல்லி மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

மணி பத்தேகால். "தொட்டுருச்சு," என்றார் அவர்.

எல்லோரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்தார்கள். சூரியனின் வலது ஓரத்தை யாரோ சின்னதாகக் கடித்த மாதிரி இருந்தது. லேப் அக்காவுக்கு மேலேயும் பார்க்க வேண்டும், கீழே மீட்டரையும் பார்க்க வேண்டும். கழுத்து இரண்டு பக்கமும் இழுத்தது. அதைப் பார்த்த மாமியார் மீட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ மேல பாரு. இதை நான் படிக்கிறேன். இப்பல்லாம் பொடி எழுத்து கூட எனக்குத் தெரியுது."

அப்படித்தான் அந்தக் கல்மேட்டில் அறுபது எழுபது பேருக்கு மாமியார் பேனல் தரும் ஆம்பியரை வைத்தே கிரகணத்தை வாசித்துக் காட்டினார். "ஆறு புள்ளி எட்டு." நிலா மெல்ல நகர்ந்தது. "அஞ்சு புள்ளி ஒண்ணு." வெயிலின் நிறம் மாறியது, மண் மேல் விழுந்த நிழல்களின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையானது. "மூணு புள்ளி நாலு." காற்று குளிர்ந்தது. யாரோ ஒருவர் சால்வை தேடினார். "ரெண்டு. இப்ப வர்றதும் போறதும் சரியாப் போச்சும்மா." அதற்கு மேல் பேட்டரி தன் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டும். லேப் அக்கா குனிந்து வோல்ட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று. நின்றது. தாழ்வாரத்தில் அவள் தண்ணி ஊற்றி எழுப்பிய அந்தக் கிழட்டுப் பேட்டரி இறங்காமல் நின்றது.

"ஒண்ணு." மேற்கே அடிவானத்திலிருந்து ஒரு பெரிய நிழல் பொட்டல் மேல் ஓடி வந்தது. நிஜமாகவே ஓடி வந்தது, மழை வருவது போல, ஆனால் சத்தமே இல்லாமல். "அரை. கால்." கூட்டம் மூச்சைப் பிடித்தது. "ஒண்ணுமில்ல," என்றார் மாமியார். "பூஜ்யம்."

சூரியன் அணைந்தது. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டமும், அதைச் சுற்றி வெள்ளி இழை போட்ட மாதிரி ஒளியும் நின்றன. பகல் பதினொன்றரைக்கு நட்சத்திரம் தெரிந்தது. நாலு திசையிலும் அடிவானம் சாயங்காலம் மாதிரி ஆரஞ்சாகச் சிவந்திருந்தது. யாரும் கத்தவில்லை. புரொபசர் வாயைத் திறந்தபடி நின்றான், அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"இப்ப கண்ணாடி வேண்டாம். அம்மா, முதல்ல நீங்க வாங்க," என்றார் ஒல்லி மனிதர். டெலஸ்கோப்பின் வெயில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு மாமியாரின் தோளைப் பிடித்து அதன் முன் நிறுத்தினார்.

மாமியார் குனிந்து கண்ணை வைத்தார். பிறகு, "எரியுதும்மா," என்றார், மெதுவாக. "ஓரத்துல. ரோஜா நிறத்துல. மூணு நாக்கு." இடது கையைப் பின்னால் நீட்டித் துழாவி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "நீ பாரு. சீக்கிரம் பாரு."

லேப் அக்கா பார்த்தாள். கறுப்பு வட்டத்தின் விளிம்பில் குட்டிக் குட்டியாகச் சிவந்த சுடர்கள். டெலஸ்கோப் வழுக்காமல், நடுங்காமல், சூரியனோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. அதை நகர்த்துவது எது என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் நீர் வந்து சுடர் கலங்கியது. வரிசையில் நிற்கிறவர்களை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள்.

மூன்றரை நிமிஷமும் ஓடியே போய்விட்டது. ஒல்லி மனிதர் கையை உயர்த்திக் காட்ட, எல்லோரும் திரும்பக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். வட்டத்தின் ஒரு ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வைரம் மாதிரி வெடித்தது. அப்போதுதான் கூட்டம் தொண்டையைத் திறந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அமளிக்கு நடுவில் மாமியார் மறுபடி மீட்டர் பக்கம் உட்கார்ந்து, தொண்டை கிழிய வாசித்தார்: "கால். அரை. ஏறுது, ஏறுது. ஒண்ணே கால்."

பன்னிரண்டரைக்குப் பேட்டரி ட்ரெய்லருக்குத் திரும்பிப் போய்விட்டது. ஃபிரிட்ஜுக்குள் குளிர் அப்படியே இருந்தது. மருந்துப் புட்டியைத் தொட்டால் விரல் சில்லென்றது. மதிய வெயில் முழுசாக வந்து பேனலில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டரை வோல்ட்.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் ஏழு மணிக்கே கதவைத் தட்டினார்கள். நேற்று பேட்டரிக்குக் குடை பிடித்த பெண் நின்றிருந்தாள், அவள் பின்னால் இன்னும் ஆறு பேர்.

"எங்க ட்ரெய்லர்லயும் படுக்கைக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு அக்கா. நாலு வருஷமாத் திறந்ததே இல்ல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

லேப் அக்கா கையுறையை எடுத்தாள். மாமியார் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, யார் முதல், யார் அடுத்து என்று வரிசை எழுத ஆரம்பித்தார். புரொபசர் ஹைட்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஒவ்வொரு ட்ரெய்லரிலும், "மொதல்ல கறுப்பு ஒயருங்க, அப்புறம்தான் சிவப்பு," என்று தனக்கு என்றோ தெரிந்த விஷயம் போல அவன் சொல்வதைக் கேட்டு லேப் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒன்பது ட்ரெய்லர் பார்த்தாள். நாலில் தண்ணி வற்றியிருந்தது. இரண்டில் ஒயர் தளர்ந்திருந்தது. ஒன்றில் பேட்டரிப் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் பொட்டலை விட்டுக் கிளம்பியபோது மணி மூன்று. வழி நெடுக மாமியார் அந்த மூன்று தீ நாக்குகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மருமகள் ஏழாவது ட்ரெய்லரில் பார்த்த பேட்டரியை எப்படி எழுப்பலாம் என்பது பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கவே இல்லை. வீட்டுக்காரர் ஒரு தடவை ரேடியோவைப் போடப் போனார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு வண்டியை ஓட்டினார்.